அணு உலையும் ஆயுத பூஜையும்

எலிப்பொறி செய்கிறவர்கள் வேலை முடிந்ததும் தங்கள் விரல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது. நான் எண்ணவில்லை. அப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து புரொபேஷனில் இருந்தேன். எனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் இல்லை என்ற எண்ணமும் இருந்தது.

எங்களுக்கு வந்திருந்த வேலை ஒரு வெளிநாட்டு அணுமின் நிலையத்துடையது. உலைக்குள் ஓடிச் சூட்டை வாங்கிக்கொள்ளும் தண்ணீரில் எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்று அங்கே விடாமல் மாதிரி எடுத்து அளப்பார்கள். எல்லை தாண்டினால் அந்த அரசாங்கத்தின் கண்காணிப்பு அலுவலகத்துக்கு அறிக்கை போக வேண்டும். அறிக்கை தயாரிக்கும் புரோகிராமை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. (அந்தத் தடி விதிப் புத்தகத்தைப் படிக்க சீனியர்கள் யாருக்கும் பொறுமை இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.)

நான் அதைக் கதைப் புத்தகம் மாதிரி படித்தேன். எரிபொருள் குழாயில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்தால்கூடத் தண்ணீரில் கதிரியக்க அயோடின் கூடிவிடுமாம். உள்ளே எட்டிப் பார்க்க முடியாத உலைக்கு உடம்புக்கு என்ன என்று தண்ணீரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்! விவேக் நகர் வீட்டில் சாப்பிடும்போது இதையெல்லாம் அப்பாவிடம் ஒப்பிப்பேன். அப்பா கோலார் தங்க வயலில், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டின் மிஷினை ஓட்டியவர். சுரங்கம் நொடித்துப் போய் வீட்டோடு இருந்தார். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

"உப்புல அயோடின் இல்லேன்னா கழுத்து வீங்கும்னு டிவில சொல்றான். தண்ணில இருந்தா மட்டும் தப்பா? இன்னாம்மா நியாயம் இது?" என்பார்.

"அது வேற அயோடின்பா."

"அப்ப பேரை மாத்தி வைக்கச் சொல்லு."

விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. குறித்த நேரத்துக்குள் அளக்கத் தவறினாலே தவறு; தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது என்று பிறகு சமாதானம் சொல்ல முடியாது. நான் அதை இன்னும் கறாராக்கினேன். அளவு நேரத்துக்கு வந்து சேராவிட்டால் என் புரோகிராம் தானாகவே ஓர் அறிக்கையைத் திறந்து காரணம் கேட்கும். எழுதிச் சேமித்த நொடியில் அது நிலையத்தின் அதிகாரிக்குப் போய்விடும். அதன்பிறகு அழிக்கவே முடியாது.

"யாரும் எதையும் மறைக்க முடியாது சார்" என்று மேனேஜர் ராகவேந்திராவிடம் மார்தட்டினேன்.

சோதனை ஓட்டம் தொடங்கியது. நிலையத்திலிருந்து அளவுகள் எங்கள் சர்வருக்கு வரும். அறிக்கை எதுவும் அரசாங்கத்துக்குப் போகாது, மார்த்தா என்ற அதிகாரிக்கு மட்டும் போகும். இது ஒழுங்காக முடிந்தால்தான் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. பாதி டீம் சேலத்துக்கும் வேலூருக்கும் பஸ் ஏறிவிட்டது. பூஜையை யார் நடத்துவது என்று மேனேஜர் கேட்டதும் என் கைதான் முதலில் உயர்ந்தது.

"ரீட்டா, நீ கிறிஸ்டியன் அல்வா?" 'இல்லையா' என்பது மட்டும் அவருக்குக் கன்னடத்தில்தான் வரும்.

"எங்கப்பா வருஷா வருஷம் சுரங்க மிஷினுக்குப் பூஜை போட்டவர் சார்!"

அப்பாவிடம் முறை கேட்டுக்கொண்டேன். "பூஜை போட்டா கருவி தூங்கணும். மறுநாள் காலைல எழுப்பித்தான் வேலை வாங்கணும். ஓடுற மிஷினுக்குப் பொட்டு வெச்சா அது பூஜையே இல்ல" என்றார்.

அதன்படியே செய்தேன். வாசலில் வாழைக்கன்று, கம்பெனி சுமோவின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், மானிட்டருக்கெல்லாம் சந்தனம், குங்குமம். பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை விநியோகித்து முடித்த பிறகு சர்வர் அறையில் அந்தப் பெட்டி மட்டும் உர்ரென்று ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். பாவம், அதற்கு ஓய்வே இல்லையே! அணைத்து, சாமந்திப் பூ சாத்தி, கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

விஜயதசமி காலையில் எழுப்பினால், திரையில் சிவப்பாக ஓர் அறிக்கை. "அளவு வரவில்லை. காரணம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பொய் எழுதத் தோன்றவில்லை. பூர்த்தி செய்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆர்வம்தான் இருந்தது. (பூனையைக் கொன்றதே ஆர்வம்தான் என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழி உண்டு.) "காரணம்: கருவிக்குப் பூஜை நடந்ததால் அது தூக்கத்தில் இருந்தது" என்று எழுதினேன். அடுத்த கட்டம், மறுபடி நடக்காமல் இருக்க எடுத்த நடவடிக்கை. "கவலை வேண்டாம். அடுத்த பூஜை அடுத்த வருஷம்தான்."

சேமித்தேன். சேமித்த பிறகுதான், சேமிப்பதும் அனுப்புவதும் ஒன்றே என்று நானே செய்துவைத்த ஏற்பாடு ஞாபகம் வந்தது. அழிக்கப் பார்த்தேன். "இதை அழிக்க உங்களுக்கு உரிமை இல்லை" என்றது திரை. அந்த வாக்கியத்தை எழுதியதும் நான்தான். கையெடுத்துக் கும்பிட்டேன். முந்தின நாள் பூப்போட்டவள் என்ற நன்றிகூட அதற்கு இல்லை.

சாயங்காலம் மார்த்தாவின் போன். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. "ஏனம்மா இது? பூஜைன்னு யாராவது எழுதுவாங்களா?" என்று முணுமுணுத்தபடி ஸ்பீக்கரைப் போட்டார். வேலை போயிற்று, அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

"எங்கள் ஆட்கள் தண்ணீரை நேரத்துக்கு அளந்துவிட்டார்கள்" என்றார் மார்த்தா. "ஆக, தூங்கியது உங்கள் கணினி?"

"ஆமாம் மேடம்."

"எப்படித் தூங்க வைத்தீர்கள்?"

சந்தனத்தில் ஆரம்பித்துப் பூசணிக்காய் வரை சொன்னேன். எலுமிச்சம்பழம் எந்தச் சக்கரத்தடியில் என்றுகூடக் கேட்டார். பிறகு குரல் மாறியது.

"ரீட்டா, உங்கள் நடவடிக்கையை ஏற்க முடியாது. அடுத்த வருஷமும் இதே தவறு நடக்கும் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்."

மேனேஜர் ஸ்பீக்கரை அணைக்கக் கை நீட்டினார்.

"ஆனால் புரோகிராம் சரியாக இருக்கிறது. எழுதியவரையே பிடித்துவிட்டதே!"

வேலை நிரந்தரமானது. அந்தப் புரோகிராமின் விதிமுறைகளில் ஒரு வரியும் கூடியது: பூஜையின்போது சர்வரை அணைக்கக் கூடாது; குங்குமம் வெளிப்புறத்தில் மட்டும். அடுத்த வருஷத்திலிருந்து பொரி பொட்டலம் கட்டுவதோடு என் இறைப்பணி முடிந்தது.

அப்பாவுக்குப் பிற்பாடு சர்க்கரை வந்தது. வீட்டிலேயே அளக்க ஒரு சின்ன மிஷின் வாங்கிக் கொடுத்தேன். விரலில் குத்துவதென்றால் சுரங்கத்துக்கு அஞ்சாத மனிதருக்கு நடுக்கம்.

"அப்பா, அளக்காத சர்க்கரை ஏறின சர்க்கரைதான். ஏன் அளக்கல? காரணம் சொல்லுங்க" என்று ஒருநாள் கறாராக நின்றேன்.

அப்பா அலமாரியைக் காட்டினார். மிஷின் நெற்றியில் சந்தனப் பொட்டு, தலையில் ஒரு சாமந்திப் பூ.

"தூங்குதும்மா" என்றார். "கவலைப்படாத. அடுத்த பூஜை அடுத்த வருஷம்தான்."