உதயாவுக்கு வந்த சத்துமாவு

ஆரணியில் பட்டுத்தறி நெய்யும் தணிகாசலத்துக்கு ஒன்றரை வயதில் உதயா என்றொரு மகள். போன மாத எடை ஏழு கிலோ தொள்ளாயிரம். எடை போதாது என்று அங்கன்வாடி அட்டையில் அவளுக்குச் சிவப்புப் புள்ளி. அதற்காகவே சத்துமாவு தனியாகக் கொடுத்தார்கள். மனைவி புஷ்பலதா தறியில் உட்கார்ந்ததும் அதை வெல்லம் போட்டு உருட்டி விழுங்கியவர் தணிகாசலம். வெட்கம் கெட்ட மனுஷன், நெய் வேறு விட்டுக்கொண்டார்.

இன்று எடை போடும் நாள். அவர் பயப்படவில்லை. முதலாளி பட்டு நூலை எடை போட்டுக் கொடுப்பார், சேலையை எடை போட்டு வாங்குவார். குறைந்தால் இவர் தண்ணீர் தெளித்துச் சரிக்கட்டுவார். பதினைந்து வருஷப் பழக்கம். காலையில் மகளைக் கொஞ்சிக் கொஞ்சி இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வைத்தார்.

"இன்னாங்க, புதுசா பாசம் பொங்குது?" என்றாள் புஷ்பலதா.

"வெயிலாச்சே. தண்ணி குடிச்சா நல்லது."

அங்கன்வாடியில் டயானா டீச்சர் முதலில் உதயாவைத்தான் கூப்பிட்டார்.

"எங்களுக்கு அவசரமில்ல டீச்சர். மத்தவங்கள பாருங்க," என்றாள் புஷ்பலதா.

"ஜல்தியா முடிச்சிகினு போலாம்மே. தறி நிக்குது," என்றார் தணிகாசலம்.

"நிக்கட்டும்."

ஒன்பது குழந்தைகளுக்கு எடை பார்த்து முடிந்தது. அதற்குள் உதயா அப்பாவின் வேட்டியை இரண்டு முறை நனைத்துவிட்டாள். பிறகுதான் புஷ்பலதா அவளை வாங்கிக்கொண்டு எழுந்தாள். ஏழு தொள்ளாயிரம். பத்து கிராம்கூட ஏறவில்லை.

"குடுத்த மாவெல்லாம் எங்கம்மா போச்சு?" என்றார் டீச்சர்.

புஷ்பலதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "காலைல குடிச்ச தண்ணியோட ஏத்தியிருந்தா, புள்ள தேறிடுச்சுன்னு எழுதி மாவ நிறுத்தியிருப்பீங்கல்ல டீச்சர்?"

டீச்சர் தலையாட்டினார். தணிகாசலத்துக்கு இது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் மாவு போய்விடுமே என்றுதான் வருந்தியிருப்பார்.

"பட்டு குடுத்தவங்க சேலைய எடை போட்டு வாங்குறாங்க," என்று அவர் பக்கம் திரும்பினாள். "மாவு டப்பால உங்க நெய் வெரல் தடம் இருக்குது. மாவு போன எடத்தையும் எடை போட்டுடலாம். ஏறுங்க."

கர்ப்பிணிகள் ஏறும் எடை மெஷினில், ஈர வேட்டியோடு, அத்தனை பெண்கள் பார்க்க அவர் ஏறினார். ஒருத்தியும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது தேவலை.

டீச்சர் நோட்டைப் பிரித்தார். "தணிகாசலம். வயசு?"

"ஒன்றரைன்னே போட்டுக்கோங்க," என்றாள் புஷ்பலதா.