பொட்டு வைத்த இரும்புத் தொப்பி

எனக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு வராது. அந்த வியாதியால் முப்பது பேர் முன்னால் மானம் போன கதை இது.

பாரிஸின் லா சப்பலில் ஒரு நகைக்கடையில் வேலை செய்கிறேன். தங்கத்தைக் கையில் வாங்கியதும் மாற்றுச் சொல்லிவிடுவேன் (அப்படித்தான் சொல்லித் திரிந்தேன், உரைகல் இல்லாமல் முதலாளி என்னை நம்பியதில்லை). இந்தத் தலைக்கனம் போதாதென்று, இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் பதக்கங்களைச் சேர்க்கும் பைத்தியமும் பிடித்தது. அந்த ஆட்கள்மீது எனக்குத் துளி மதிப்பும் கிடையாது. எந்தப் பட்டறை, என்ன உலோகம், ஊசியை எப்படிப் பொருத்தினார்கள் என்று துப்பறிவதில்தான் சுகம்.

மனைவி சாந்தினிக்கு இது அறவே பிடிக்கவில்லை.

"ஊரிலை பாத்த யுத்தம் காணாதெண்டு, இன்னொருத்தன்ரை யுத்தத்தையும் காசு குடுத்து வாங்கிறியளோ?"

நியாயமான கேள்வி. அவளைச் சமாதானப்படுத்தச் சத்தியம் செய்து கொடுத்தேன்: நாஜிச் சின்னம் எங்கள் வீட்டுக்குள் ஒருநாளும் யார் கண்ணிலும் படாது.

சார்செல் பக்கம் ஒரு பழைய சாமான் சந்தையில் வெள்ளி நிறக் காயப் பதக்கம் ஒன்று கிடைத்தது. மூன்று நான்கு தடவை காயப்பட்ட சிப்பாய்க்குக் கொடுப்பது. நடுவில் இரும்புத் தொப்பி, அதன் பின்னால் குறுக்கே இரண்டு வாள், சுற்றிவர இலைமாலை. தொப்பியின் நெற்றியில் அந்தச் சின்னம் இருக்கும். பகிரங்கமாகக் காட்டினால் சட்டச் சிக்கல் என்பதால், விற்பவர்கள் வட்டக் காகிதம் ஒட்டி மறைப்பார்கள். இதிலும் ஒட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் காகிதம் சுருண்டு எழும்பத் தொடங்கியது. சாந்தினி அதை உரித்துவிட்டு, தன் சிவப்பு ஒட்டுப்பொட்டு ஒன்றை ஒட்டினாள். சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட நான் சுவரைப் பார்த்து நின்றேன்.

"இஞ்சேருங்கோ, இதுக்குக் கீழை..." என்று தொடங்கினாள்.

"நீர் ஒண்டும் சொல்லாதையும். அங்கை என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியும்."

அதோடு விடாமல், அந்தச் சின்னத்தின் வரலாற்றைக் கால்மணி நேரம் விளக்கினேன். என்னவோ செய்யுங்கோ என்று அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

பாரிஸில் பதக்கம் சேர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. நான் முதல்முறை போனபோது, சாப்பாடு கொண்டுவந்தவன் என்று நினைத்துச் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார்கள். அன்றைக்கே முடிவெடுத்தேன், இந்தச் சங்கத்தில் சேராமல் சாவதில்லை என்று. அதற்கு ஒரே வழிதான்: ஒரு பதக்கத்தைக் கொண்டுபோய், எல்லோர் முன்னாலும் அது இன்னதென்று அடையாளம் சொல்ல வேண்டும். தவறினால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

மூன்று மாதம் உழைத்தேன். கடைத் தராசில் மில்லிகிராம் சுத்தமாக நிறுத்தேன். வைரம் பார்க்கும் லென்ஸால் ஊசியைப் பார்த்தேன். வீடு இருக்கும் கூசேன்வில்லிலிருந்து வேலைக்கு வரும் ரயிலில் பிரெஞ்சுப் பேச்சை முணுமுணுத்துப் பாடமாக்கினேன் (பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருந்தது). கடைசியில், என் வெற்றியைப் பார்க்கச் சாந்தினியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

எடை, உலோகம், ஊசி என்று மடமடவென்று ஒப்பித்து, போரின் நடுப்பகுதியில் செய்தது என்று தீர்ப்பும் சொன்னேன். சங்கத் தலைவர் மெலிந்த கிழவர். இந்தச் சிவப்பு வட்டம் என்ன என்று கேட்டார். பொட்டைப் பற்றியும் ஒரு பிரசங்கம் வைத்தேன். கைதட்டினார்கள். பிறகு அவர் அனுமதி கேட்டு, நகத்தால் அதை மெல்ல உரித்தார்.

தொப்பியின் நெற்றி வெறுமையாக இருந்தது.

போர் முடிந்து பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு, பழைய சிப்பாய்கள் அணியலாம் என்று அந்தச் சின்னத்தை நீக்கிச் செய்த பதக்கம் இது என்றார் தலைவர். போர்க்காலத்தது என்று கூடின விலைக்கு விற்க, வெறும் நெற்றியிலும் காகிதம் ஒட்டுவார்கள், உரித்து ஒருமுறை பார்த்தாலே தெரியும் என்றும் சொன்னார். அங்கேயே நான் வாயை மூடியிருக்க வேண்டும். தேய்ந்து போயிருக்கும் என்று வாதாடினேன். ஒட்டிய பசை தின்றிருக்கும் என்றேன். யாரும் அசையவில்லை என்றதும் சாட்சிக்கு ஆள் கூப்பிட்டேன்.

"சாந்தினி, நீர்தானே பொட்டு ஒட்டினனீர். அங்கை என்ன இருந்ததெண்டு சொல்லும்."

"ஒண்டுமில்லை. அண்டைக்கே சொல்ல வந்தனான். நீங்கள்தான் சொல்லாதையுமெண்டு சொன்னியள்."

இதை மகள் ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் மொழிபெயர்த்தாள். மண்டபம் முழுக்கச் சிரித்தது, தலைவரும் கண்ணைத் துடைத்தார். எனக்குக் கிடைத்தது ஒரு வருடத் தவணை. ஆனாலும் விடவில்லை. அடுத்த வருடம் வேறொரு பதக்கத்தோடு போனேன். இந்தமுறை வீட்டுக்கு வெளியே, காருக்குள் வைத்து, எல்லாவற்றையும் உரித்துப் பார்த்துவிட்டுத்தான் போனேன். சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த வெற்றியை வீட்டில் யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. போன மாதம் மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெடியன் சொக்கத் தங்கம், பார்த்ததுமே மாற்றுச் சொல்லிவிட்டேன் என்றேன். எதற்கும் பிரெஞ்சிலேயே பதில் சொல்கிற மகள், அன்று மட்டும் நல்ல தமிழில் கேட்டாள்.

"அப்பா, பொட்டைக் கழட்டிப் பாத்தனீங்களோ?"

பார்க்கவில்லை. விசாரிக்கச் சொல்லி அன்றைக்கே நாலு பேருக்குப் போன் போட்டேன்.