உங்க தங்கச்சி கஸகஸ்தான் போறா

கிள்ளான்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து

பெருமதிப்பிற்குரிய மச்சான் ஹஸ்ஸான் அவர்கள் சமூகத்திற்கு, அஸ்ஸலாமு அலைக்கும். செமினியில் தாங்களும் வீட்டாரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். இங்கே நான் சுகமில்லை. வாட்ஸ்அப்பில் சொல்லியிருப்பேன், என் போனை என்னைவிட முதலில் உங்கள் தங்கை அமீனாதான் படிப்பாள் என்பதால் காகிதம்.

மச்சான், உங்க தங்கச்சி என்னை விட்டுட்டுப் போறா!

காலையில அவ பாசாருக்குக் காய் வாங்கப் போயிருந்தா. ஜவுளிக்கடையை மகன்கிட்ட ஒப்படைச்சிட்டு நான் வீட்டோட இருக்கிற இந்த எட்டு மாசமா அவ சமையல்கட்டை நான்தான் ஒழுங்குபடுத்துறேன், உங்களுக்குத் தெரியும். இன்னிக்கு மசாலா டப்பாவை எல்லாம் எழுத்து வரிசைப்படி அடுக்குறேன், மல்லித்தூளுக்குப் பின்னால ஒரு நோட்டு. அவ கையெழுத்து. மேலேயே 'சோலோ ட்ரிப், பஜெட்'னு போட்டு அடிக்கோடு. சோலோன்னா என்னன்னு மக அஃப்ரினுக்குப் போன் போட்டேன். "தனியாப் போறது வாப்பா"ன்னா. அப்புறம் சிரிச்சா. இங்க குடி முழுகுது, இவ சிரிக்கிறா!

எங்கே போறான்னு நினைக்கிறீங்க? செராஸ் இல்ல, பினாங்கு இல்ல. கஸகஸ்தான்! நம்ம மலேசியாவை எட்டுத் தடவை உள்ள வச்சாலும் இடம் மிச்சமாம், அதையும் எழுதி வச்சிருக்கா. தொலைஞ்சுட்டா எங்க போய்த் தேடுறது லா? ரெண்டு நாளைக்கு மேல ரயிலாம், கதவில்லாத பெட்டியாம், அதுல அம்பது பேராம். அங்க குதிரைக்கறி திங்கிறாங்களாம், பக்கத்துல ஒரு டிக் வேற. பக்கத்தைத் திருப்பினா, அஸ்தக்ஃபிருல்லாஹ், 'எட்டுக் கட்டில் ரூம், ஆண்கள் பக்கம், மலிவு'! ஏழு ஆம்பளைங்களோட, மச்சான்! ஹஜ்ஜுக்குப் போனப்போ பெண்கள் ரூம் தனிதானேன்னு மூணு தடவை கேட்டவ இவ. கடைசியில 'மூட்டுவலித் தைலம், ரெண்டு பாட்டில்'. மூட்டுவலி எனக்குத்தானே? இவளுக்கு எப்ப வந்திச்சு? முப்பத்தொரு வருஷம் ஒண்ணாக் குடும்பம் நடத்திட்டு வலியைக்கூட என்கிட்ட மறைச்சிருக்கா. அதுலதான் நான் உடைஞ்சு போயிட்டேன். அழுதுட்டேன், மச்சான்.

நான் என்ன குறை வச்சேன்? அவ சோறு வடிக்கிறப்போ பக்கத்துல நின்னு நேரம் சொல்றேன். போன்ல பேசுறப்போ விட்டுப்போனதை எடுத்துக் கொடுக்கிறேன். நாடகம் பாக்கிறப்போ அடுத்து என்ன நடக்கும்னு முன்னாடியே சொல்லிடுறேன். ஒரு நிமிஷம் தனியா விட்டதில்ல. நீங்க மூத்தவர். உடனே புறப்பட்டு வந்து நாலு வார்த்தை கண்டிச்சு இந்தப் பயணத்தை நிறுத்துங்க. அவ இல்லாம இந்த வீட்ல எனக்கு ஒரு நாள் ஓடாது.

அல்லாஹ் உங்களுக்கு ஆரோக்கியத்தையும், அவளுக்கு நல்ல புத்தியையும் தருவானாக. வீட்டில் எல்லாருக்கும் என் சலாம்.

தங்கள் கலங்கிப்போன மைத்துனன்,
அப்துல் கனி

பி.கு.: கவரை ஒட்டும்போது அமீனா வந்துட்டா. கடிதத்தைப் பிடுங்கி நின்னுக்கிட்டே படிச்சா. நோட்டோட கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினா. அதுல டிக்கெட். பயணி பேரு அப்துல் கனி. "நான் எங்கயும் போகலைங்க, நீங்கதான் போறீங்க"ன்னா. பிள்ளைங்க எல்லாம் கூட்டாம். குளிர்சட்டை கொடுத்தது நீங்களாமே, மச்சான்! சரி, ரிட்டர்ன் டிக்கெட் எங்கன்னு கேட்டேன். அதுக்கு இன்னும் மலிவு விலை புரொமோஷன் வரலையாம்.