சொட்டு அண்ணே கெடுத்த கார்

மதுரையில் பெட்ரோலுக்கு மரியாதை கொடுத்த ஒரே மனிதர் சொட்டு அண்ணேதான். மற்றவர்கள் அதை ஊற்றினார்கள், எரித்தார்கள், விலை ஏறினால் திட்டினார்கள். அவர் மட்டும்தான் ஒரு சொட்டு தரையில் விழுந்தால் வேலையை நிறுத்திவிட்டு அது காயும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். செல்லூரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

தொழில் விசைத்தறி ரிப்பேர், ஆசைக்குக் கார் ரிப்பேர். சௌராஷ்டிரக்காரர். கோபம் வந்தால் மனிதர்களைத் தமிழில் திட்டுவார், எஞ்சினை மட்டும் வீட்டுப் பாஷையில் கொஞ்சுவார். தறிக்கூடங்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை அவருடையது. தறிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அவரோ கார் எஞ்சின் மேல் நீள ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, "மூணாவது வால்வு முணுமுணுக்குது" என்பார்.

அவர் ஓட்டுகிற காரில் சும்மா ஏறிவிட முடியாது. பாரம் கூடினால் பெட்ரோலும் கூடும் என்பார். செருப்பு வெளியே. டிபன் பாக்ஸ் வெளியே. பிறகு விசாரணை நடக்கும்.

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேண்ணே."

"எம்புட்டு?"

"ஒரு செம்பு."

"போயிட்டு வா. நான் நிக்கிறேன்."

எண்ணெய் விஷயத்தில் அவர் ஊரோடு ஒத்துப்போகவே இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் எஞ்சின் ஆயில் கெட்டியாக இருந்தால்தான் வண்டிக்குப் பலம் என்பார். சொட்டு அண்ணே ஒரு ஜன்னல் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, நாலு விதமான ஆயிலில் வகைக்கொரு துளி விட்டு ஓட்டப் பந்தயம் நடத்துவார். தறிக்காரர்கள் டீ பந்தயம் கட்டி, "ஓடு ஓடு" என்று ஆயிலுக்குக் கைதட்டுவார்கள். "கஞ்சிக்குள்ள நடந்து பாரு, வெறுந்தரையில நடந்து பாரு. எது லேசு? எஞ்சினுக்கும் கால் வலிக்கும்ல?" என்பார். இந்த நம்பிக்கையில் ஒருமுறை தறிக்கு விடுகிற நீர்த்த எண்ணெயைத் தன் மொபெட்டில் ஊற்றினார். அது வைகைப் பாலத்து நடுவில் இறுகி நின்றது. கொட்டகை வரை தள்ளிக்கொண்டு வந்து, "தப்பு எண்ணெய் மேல இல்ல. நான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். எண்ணெயைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்.

நான் அப்போது வாடிப்பட்டியில் ஒரு அரிசி மில் முதலாளியிடம் டிரைவர். குடியிருந்தது செல்லூரில். பத்தாவதோடு நின்றவன். வாய் பேசத் தெரியாது. யாராவது அதட்டினால் தப்பு செய்யாவிட்டாலும் தலையைக் குனிந்துகொள்வேன். இப்படிப்பட்டவனைப் பார்த்தால் திருடன் என்றுதான் தோன்றும்.

முதலாளிக்கும் தோன்றியது. அவருடைய சின்ன கார் லிட்டருக்குப் பன்னிரண்டுதான் ஓடியது. அவர் மச்சான் வீட்டில் இருந்த அதே மாதிரி கார் பதினெட்டு ஓடியது. மிச்ச ஆறு எங்கே போகிறது என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது அழுதிருப்பேன். ஒருநாள் காலையில் போனால் பெட்ரோல் டேங்க் மூடியில் புதுப் பூட்டு தொங்கியது. சாவி அவர் இடுப்பில். மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள் பூட்டையும் பார்த்தார்கள், என்னையும் பார்த்தார்கள். அன்று மத்தியானம் என் சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

"நல்ல எடத்துல சர்வீஸுக்கு விடு. வார ஞாயித்துக்கெழமை நானே வந்து உக்காந்து எம்புட்டு ஓடுதுன்னு பாக்குறேன்" என்றார் முதலாளி. பணத்தை எண்ணிக் கொடுப்பதுபோல் டேங்க் சாவியை என் கையில் வைத்தார்.

நேராகச் சொட்டு அண்ணேயிடம் போனேன். பூட்டைப் பார்த்தார். எஞ்சினைத் திறக்கவே இல்லை, பூட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இத யாரு போட்டா?"

"மொதலாளி."

"விடு மாப்ள. வண்டிய நான் பாத்துக்கிறேன்."

ஆறு நாள் பார்த்தார். டேங்க் குழாயைக் கழற்றிவிட்டு, அரை லிட்டர் பெட்ரோல் பிடிக்கும் பாட்டில் ஒன்றை டேஷ்போர்டில் கட்டி, அதிலிருந்து எஞ்சினுக்குக் குழாய் கொடுத்தார். பாட்டில் காலியாகி வண்டி நிற்கும் இடத்தில் மீட்டரைப் பார்த்தால் கணக்கு வந்துவிடும். பெட்ரோலோடு தண்ணீர் ஆவி சேர்ந்தால் மைலேஜ் கூடும் என்று அப்போது ஊரெல்லாம் ஒரு பேச்சு. அதையும் சோதித்துவிடலாம் என்று ஆஸ்பத்திரி குளுக்கோஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, காருக்குள் மேலே தொங்கவிட்டார். குழாய் மடங்காமல் பிடித்துக்கொள்ள என்னைப் பின்சீட்டில் சாய்த்து உட்கார வைத்தார்.

காளவாசல் சிக்னலில் போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். தொங்குகிற பாட்டில். குழாய். ஒரு வாரமாகத் தூங்காத என் முகம். "யோவ், ஆளு வெளுத்துப் போயிட்டாருய்யா! போங்க, போங்க!" என்று நாலு பக்கமும் வண்டிகளை மறித்து வழிவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் சிரித்துக்கொண்டே போயிருப்பார்கள். சொட்டு அண்ணே கொஞ்ச தூரத்தில் ஓரங்கட்டினார். "இந்த ஓட்டம் செல்லாது. சிக்னல்ல நிக்காம வந்துட்டோம்" என்று வண்டியைத் திருப்பி, பாட்டிலை மறுபடி நிரப்பி, அதே சிக்னலில் போய் நின்றார்.

போலீஸ்காரர் பதறிவிட்டார். "என்னய்யா, ஆஸ்பத்திரியில சேத்துக்கலையா?"

மூன்று ஓட்டத்துக்குப் பிறகு குளுக்கோஸ் பாட்டிலைக் கழற்றி ஓரமாக வைத்தார். "ஆவிக்கும் மைலேஜுக்கும் ஒண்ணும் இல்ல மாப்ள. ஊரு பொய் சொல்லுது." பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டிப் பார்த்து அதையும் கழற்றினார். கடைசியில் பலித்தவை சாதாரண விஷயங்கள்தான். கார்புரேட்டரில் தேய்ந்திருந்த ஊசியையும் பெட்ரோல் பீச்சும் ஜெட்டையும் மாற்றினார். தீப்பொறி விழுகிற நேரத்தை ஒரு மயிரிழை முன்னே தள்ளினார். உரசிக்கொண்டிருந்த பின் பிரேக்கைத் தளர்த்தினார். தார் மாதிரி இருந்த பழைய ஆயிலை இறக்கிவிட்டு, கம்பெனி ஆயிலிலேயே லேசானதை ஊற்றினார். கழற்றியதை எல்லாம் பழைய ஆயில் உட்பட டப்பாக்களில் போட்டு வைத்தார். அது தறிக்காரப் பழக்கம். எதையும் எறிய மாட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் வாடிப்பட்டி ரோட்டில் அரை லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் ஓடி வண்டி நின்றது. பதினெட்டு! கூட வந்த இரண்டு தறிக்காரர்கள் அவரைத் தூக்கப் பார்த்தார்கள். ரோட்டோரத்தில் நின்று அவர் கார்புரேட்டரிடம் வீட்டுப் பாஷையில் ஏதோ சொன்னார். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் பார்த்ததில்லை.

நான் மட்டும் டேங்க் பூட்டைப் பார்த்தேன். கொட்டகைக்குத் திரும்பி மற்றவர்கள் போகும்வரை காத்திருந்தேன்.

"அண்ணே."

"சொல்லு மாப்ள."

"நாளைக்கு மொதலாளி வந்து பாக்கும்போது பதினெட்டு ஓடுச்சுன்னா…"

"ஓடும். சந்தேகமே வேணாம்."

"அப்ப இம்புட்டு நாளா பன்னெண்டு ஓடுனதுக்கு நான் என்னண்ணே பதில் சொல்றது? நான் எடுத்தேன்னுதான ஆகும்?"

நாங்கள் இரண்டு பேரும் வண்டியைச் சரிசெய்கிற வேகத்தில், அது கெட்டிருந்தது என்று முதலாளிக்கு முதலில் காட்ட மறந்துவிட்டோம். சொட்டு அண்ணே அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து டப்பாக்களை எடுத்தார்.

தேய்ந்த ஊசி, பழைய ஜெட், எல்லாம் அதனதன் இடத்துக்குப் போயின. தீப்பொறி நேரத்தைப் பின்னே தள்ளி, பிரேக்கை மறுபடி உரசவிட்டார். பழைய ஆயிலை ஊற்றும்போது மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலாளி வந்தார். எதிர் டீக்கடையில் கூட்டம். நேற்று பதினெட்டு என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். முன்சீட்டில் முதலாளி, பின்சீட்டில் நேற்று வந்த அதே தறிக்காரர்கள். பாட்டிலை முதலாளியே நிரப்பினார். ஆறாவது கிலோமீட்டரில் வண்டி நின்றது.

"என்னண்ணே, நேத்து ஒன்பது ஓடுச்சு…" என்று ஒருவர் ஆரம்பித்தார்.

"நேத்து பாட்டில தப்பா அளந்துட்டேன்" என்றார் சொட்டு அண்ணே.

ஒரு ஓட்டத்தைச் செல்லாது என்று சிக்னலுக்குத் திரும்பிப் போன மனிதர் சொன்ன பொய் அது.

முதலாளி மீட்டரைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "வண்டிதான் குடிச்சிருக்கு" என்றார் மெதுவாக. கொட்டகைக்குத் திரும்பியதும் பூட்டைக் கழற்றச் சொல்லி, சாவியோடு சேர்த்து என் சட்டைப் பையில் போட்டார். "மனசுல வச்சுக்காதப்பா." அப்புறம் சொட்டு அண்ணேயிடம் திரும்பினார். "ஒரு வாரம் வச்சிருந்தும் பன்னெண்டுதானா? பெரிய ஆளுன்னு சொன்னாய்ங்க. நான் எங்க ஊர்லயே பாத்துக்கிறேன்."

சொட்டு அண்ணே வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

டீக்கடையில் சிரிப்பு. "அண்ணே, கண்ணாடியில மட்டுந்தான் ஓடுமா, ரோட்ல ஓடாதா?" அவர் கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனார். ரொம்ப நாளைக்கு அவரிடம் கார் எதுவும் வரவில்லை. தறி மட்டும்தான் பார்த்தார். அடுத்த வாரம் நன்றி சொல்லலாம் என்று போய் வாசலில் நின்றேன். "போ மாப்ள, வேல கெடக்கு" என்றார்.

முதலாளி காலமாகிவிட்டார். என்னைச் சந்தேகப்பட இனி யாரும் இல்லை. அதனால் அன்றைக்கு டீக்கடையில் சிரித்த செல்லூர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை.

அந்த வண்டி பதினெட்டு ஓடியது. நான் பக்கத்தில் இருந்தேன்.