புதன்கிழமைக் கிலோமீட்டர்கள்

என் சகலைக்கு வருமான வரி ஆபீஸிலிருந்து பணம் திரும்பி வந்த செய்தி கேட்ட நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். கடை கடையாகப் போய் மூக்குக்கண்ணாடி பிரேம் விற்பவர். சொந்தக் காரில் போகிறார். வேலைக்காகச் சொந்தக் காரை ஓட்டினால், ஓட்டிய கிலோமீட்டருக்கு வரியில் கழிவு உண்டாம். மனிதர் வருஷம் பூராவும் ஒரு நோட்டில் கிலோமீட்டரை எழுதி வைத்துக் கொடுத்திருக்கிறார். வந்த பணத்தில் சோபா வாங்கிவிட்டார். சும்மா சோபா இல்லை, சுவரோடு வந்து மூலையில் திரும்பி மறுபடியும் ஓடுகிற சோபா.

அதில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். இடுப்பு வரை உள்ளே போய்விட்டேன். வயிறு மட்டும் மேலே நின்று எரிந்தது.

வீடு திரும்பும்போது மனைவியிடம் சொன்னேன்.

"இந்த வருஷம் நானும் கழிக்கப் போறேன்."

"எதை?"

"வரியை. வரிக்கழிவு."

"வீட்டுல கழிவுன்னா எனக்குத் தெரிஞ்சது குப்பைக்கூடைதான். அதையே நீங்க தெருமுனைக்குக் கொண்டுபோய்ப் போட்டு மூணு வாரம் ஆச்சு."

"சகலையைவிட அதிகமா வாங்கிக் காட்டறேன் பார். நான் மட்டும் கார் ஓட்டலையா?"

நான் லிஃப்ட் சோதிப்பவன். கட்டடம் கட்டடமாகப் போய், கயிறு சரியா, கதவு சரியா, நடுவில் நின்றால் மணி அடிக்குமா என்று பார்ப்பது என் வேலை. ஊரையே மேலே தூக்கிவிடுகிறவன், இருபது வருஷமாகத் தரைத்தளத்திலேயே குடியிருக்கிறேன். சகலை மட்டும் சகலமும் அனுபவிப்பதா?

மறு சனிக்கிழமையே சகலையின் ஆடிட்டரிடம் போனேன். மனைவியும் கூட வந்தாள். ஆடிட்டர் மேஜைக்குப் பின்னால், ஃபைல் குவியல்களுக்கு நடுவே புதைந்திருந்தார். கண்ணாடியும் நெற்றியும் மட்டும்தான் தெரிந்தன. எழுந்திருக்கவே இல்லை.

"வீட்டுலேர்ந்து ஆபீஸுக்குப் போறது கணக்கில்ல. அது உங்க சொந்தப் பாடு. ஒரு வேலை இடத்துலேர்ந்து இன்னொரு வேலை இடத்துக்குப் போறதுதான் கணக்கு. தேதி, புறப்பட்டப்போ மீட்டர், சேர்ந்தப்போ மீட்டர், எதுக்குப் போனீங்க, நாலும் வேணும். அன்னைக்கன்னைக்கு எழுதணும். வருஷக் கடைசியில உட்கார்ந்து கற்பனை பண்ணக்கூடாது."

"சரிங்க."

"கம்பெனி பெட்ரோல் காசு தருதா?"

மனைவி என்னைப் பார்த்தாள். பெட்ரோல் காசு மாசாமாசம் தனியாக வருகிற விஷயம் என் வீட்டில் எனக்கு மட்டுமே தெரியும்.

"பெட்ரோல் காசா? அப்படின்னா?" என்றேன், பால் குடிக்கிற பிள்ளை முகத்தோடு.

"கம்பெனிகிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க" என்றார் ஆடிட்டர். நான் சட்டென்று எழுந்து, அடையாள அட்டையை நகலெடுக்க வெளியே போனேன். திரும்பி வருவதற்குள் மனைவியும் அவரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நீல நிறத்தில் ஒரு நோட்டு வாங்கினேன். கோடு போட்டேன். காலையில் காரில் ஏறினால் முதலில் மீட்டர், பிறகுதான் சாவி. இரண்டு வாரம் ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவது வாரம் கணக்கு இடித்தது.

புதன்கிழமைகளில் நான் காரை எடுப்பதில்லை. எங்கள் குழு மொத்தமும் கம்பெனி வேனில் கிடங்குக்குப் போய்விடும். அப்படியிருக்க, செவ்வாய் மாலை 48,212 காட்டிய மீட்டர், வியாழன் காலை 48,238 காட்டியது.

"புதன்கிழமை கார் எங்க போச்சு?"

"கடைக்கு."

"எந்தக் கடை?"

"காய்கறிக் கடை."

"அது பன்னிரண்டு வீடு தள்ளி இருக்கு."

"ஆமா."

"இருபத்தாறு கிலோமீட்டர் ஓடியிருக்கு!"

"தக்காளி நல்லா இல்ல. வேற கடைக்குப் போனேன்."

"அந்தத் தக்காளி எங்க?"

"அங்கயும் நல்லா இல்ல."

நோட்டைத் திறந்தேன். என் கிலோமீட்டரை நீல மையில் எழுதிக்கொண்டிருந்தேன். இதைச் சிவப்பு மையில் எழுதினேன். 'புதன். 48,212 முதல் 48,238 வரை. காரணம்: தக்காளி என்கிறாள்.'

அடுத்த புதன் இருபத்தெட்டு. அதற்கடுத்தது முப்பத்தொன்று. அந்த வியாழக்கிழமை காலையில்தான் என் தலையில் இடி விழுந்தது. காரில் ஏறி உட்கார்ந்தேன். என் கால் கிளட்சைத் தேடியது. கிளட்ச் எங்கோ அடுத்த தெருவில் இருந்தது. சீட்டை யாரோ கடைசி வரை பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். கண்ணாடியோ மேலே திருப்பப்பட்டிருந்தது. அதில் எனக்கு என் முகத்துக்குப் பதில் கார் கூரை தெரிந்தது.

நான் குள்ளம். என் மனைவி என்னைவிடக் குள்ளம். எனவே என் காரை ஒரு நெட்டையன் ஓட்டியிருக்கிறான்.

சகலையின் சோபாவை அந்த நிமிஷமே மறந்துபோனேன். அதுவரை எரிந்தது வயிறு. இப்போது நெஞ்சும் சேர்ந்துகொண்டது.

"சீட்டு பின்னாடி போயிருக்கு."

"வயசானா எல்லாம் தளர்ந்துதான் போகும்."

"சீட்டுக்கு என்னடி வயசு?"

"நான் சீட்டைச் சொல்லல."

இவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். என்னிடம் இவள் இப்படி வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று! கொஞ்ச நாளாகவே முகத்தில் ஒரு தெளிவு. கண்ணாடி முன்னால் கூடுதலாக ஒரு நிமிஷம். புதன்கிழமையானால் புதுச் செருப்பு. இதெல்லாம் அந்த நெட்டையனுக்கா? என் பெட்ரோலில்?

அந்த ஒரு வாரம் நான் பார்த்த லிஃப்டெல்லாம் பழுது. உயரமானவன் எவன் உள்ளே ஏறினாலும் அவனை அளந்தேன். ஆறாவது மாடிக்குப் போக வேண்டிய ஒருவரை, "புதன்கிழமை சாயங்காலம் நீங்க எங்க இருப்பீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் படிக்கட்டில் இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த புதன், வயிறு எரிகிறது என்று மேலாளரிடம் சொல்லி விடுப்பு வாங்கினேன். பொய்யில்லையே! தெருமுனையில் ஒரு வாடகைக் காரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். மூன்றரை மணிக்கு என் நீலக் கார் வெளியே வந்தது.

"அந்தக் கார் பின்னாடியே போங்க."

"தெரிஞ்சவங்க காருங்களா?" என்றார் ஓட்டுநர்.

"என் கார்."

"ஐயோ, திருட்டா?"

"இல்ல. ஓட்டறது என் மனைவி."

அவர் ரேடியோவை அணைத்துவிட்டார். "எனக்கும் இப்படித்தாண்ணே ஆரம்பிச்சுது" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

நூலகத்துப் பஸ் நிறுத்தத்தில் என் கார் நின்றது. குடையோடு ஒரு நெடும்பனை காத்திருந்தது. முகம் தெரியவில்லை, குடை மறைத்தது. இவள் ஓட்டுநர் சீட்டிலிருந்து இறங்கினாள். அவனை அதில் உட்காரச் சொன்னாள்! இருபது வருஷத்தில் ஒரு தடவையாவது எனக்கு அந்த மரியாதை செய்திருக்கிறாளா? பக்கத்து சீட்டில் இருந்தபடியே, 'மெதுவா, மெதுவா' என்று என் உயிரை வாங்குவாளே தவிர.

கார் புறப்பட்டது. நாங்களும் புறப்பட்டோம். கொஞ்ச நேரத்தில் எங்களை ஒரு சைக்கிள் தாண்டிப் போயிற்று. பிறகு தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு அம்மா தாண்டிப் போனார்.

"அண்ணே, இவ்வளவு மெதுவா பின்தொடர எனக்குப் பழக்கமில்ல. என் வண்டி நின்னு நின்னு போகுது."

"ரசிச்சு ஓட்டறான்யா. அவசரம் இல்லாம பேசிக்கிட்டே போறாங்க."

"அடப் பாவமே" என்றார் ஓட்டுநர், எனக்காக.

கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு காலி மைதானம். கார் அங்கே போய் வட்டமடித்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. நான் நோட்டை எடுத்தேன். ஆதாரம் வேண்டுமே! 'மணி 4.05. சுற்று நான்கு. மணி 4.10. சுற்று ஏழு. சிரித்தாள். மணி 4.14. அவன் தோளில் தட்டினாள்.' பேனா காகிதத்தைக் கிழித்தது.

பதினோராவது சுற்றில் கார் நின்றது. பின்னால் வர ஆரம்பித்தது. எங்களை நோக்கி வந்தது. வந்துகொண்டே இருந்தது.

"அண்ணே, நம்ம மேலயே வர்றான்!"

'டொக்' என்று ஒரு சத்தம்.

நான் இறங்கி ஓடினேன். "யார்றா அவன்? வெளியே வாடா!" என்று கத்தினேன். கதவு திறந்தது. முதலில் ஒரு கால் வந்தது. அது முடியவே வெகு நேரமாயிற்று. பிறகு இன்னொரு கால். மடக்கிய கட்டிலைப் பிரிப்பது போல ஒரு மனிதர் பிரிந்து எழுந்து நின்றார். கண்ணாடி. நெற்றி.

ஆடிட்டர்.

"சார்! நீங்களா?" என்று கைகூப்பினார். "தயவுசெஞ்சு வெளியில சொல்லிடாதீங்க. லைசென்ஸ் வாங்கி இருபத்திரண்டு வருஷமாச்சு. ஒரு நாளும் தனியா ஓட்டினதில்ல, பயம். ஊருக்கெல்லாம் கார்க் கணக்கு எழுதறேன், நான் போறது பஸ்ல. இது தெரிஞ்சா எவன் என்கிட்ட வருவான்?"

மனைவி அந்தப் பக்கத்திலிருந்து இறங்கி வந்தாள். "இவரோட சேர்த்து நாலு பேர். ஒரு பல் டாக்டர், ரெண்டு டீச்சர். லைசென்ஸ் வாங்கியும் ஸ்டியரிங்கைத் தொடப் பயப்படறவங்க. ஆளுக்கு ரெண்டு ரெண்டு புதனா சொல்லிக் கொடுக்கறேன். ஃபீஸ் வாங்கிக்கறேன். போன வாரம் இவரே நம்ம வாசல் வரைக்கும் ஓட்டிட்டு வந்து நிறுத்தினார்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்களும் வருவீங்க. பின் சீட்டுல உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிப்பீங்க. ஏற்கெனவே பயந்தவங்க பாவம்."

எனக்கு வந்த நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது. ஆடிட்டரின் முழங்கையைப் பிடித்து, "நல்லா ஓட்டறீங்க சார்" என்றேன். தோள் எட்டவில்லை. வாடகைக் காரின் கீறலுக்கும் மூன்று மணி நேரக் காத்திருப்புக்கும் நானே பணம் கொடுத்தேன்.

"சார், இந்தச் செலவைக் கழிக்கலாமா?"

பயத்தின் நடுவிலும் அந்த மனிதர் தொழிலை விடவில்லை. "மனைவியைப் பின்தொடர்றது சொந்தச் செலவு சார். கழிக்க முடியாது."

விஷயம் தெரிந்த பிறகும், மீட்டர் கணக்கு இடிக்கக்கூடாதென்று புதன்கிழமைகளைச் சிவப்பு மையிலேயே எழுதி வந்தேன். வருஷம் முடிந்தது. நானும் மனைவியும் ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்தோம். சகலையை வெல்லும் நாள் வந்துவிட்டது. நீல நோட்டை மேஜையில் வைத்தேன். நீல மையில் மட்டும் ஒன்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்!

ஆடிட்டர் கம்பெனிக் கடிதத்தைப் பிரித்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓட்டற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கம்பெனி பெட்ரோல் காசு கொடுக்குதுன்னு போட்டிருக்கே சார். காசும் வாங்கிட்டுக் கழிவும் கேட்க முடியாது. உங்க கழிவு பூஜ்யம்."

நான் மெல்ல மனைவி பக்கம் திரும்பினேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "உங்க டிபன் பைக்கு அடியில உறையோட வைக்கறீங்க. ஒவ்வொரு தடவையும் தோய்க்கிறப்போ எடுத்து, காயவச்சு, திருப்பி வைக்கறது யாருன்னு நினைச்சீங்க?"

ஆடிட்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நோட்டைப் புரட்டினார். சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. "ஆனா இந்தச் சிவப்பு மை எழுத்து இருக்கே! பிரமாதம்! ஒரு புதன் விடாம இருக்கு. புறப்பட்ட மீட்டர், சேர்ந்த மீட்டர், மணி, எத்தனை சுற்று... இவ்வளவு சுத்தமான ஆதாரத்தை என் சர்வீஸ்லயே பார்த்ததில்ல. அம்மாவோட தொழிலுக்கு இது முழுசாக் கழிவு. வீட்டுலயே ஆரம்பிச்ச தொழில், அதனால வீட்டுலேர்ந்து போன தூரமும் சேரும். காரும் அவங்க பேர்லதானே இருக்கு?"

கார் அவள் பேரில்தான் இருந்தது. மனைவி பேரில் எடுத்தால் இன்ஷூரன்ஸ் பிரீமியம் குறைவு என்று அப்படி எடுத்த புத்திசாலி நான்தான்.

கூட்டிப் பார்த்தார். சகலைக்கு வந்ததைவிடக் கொஞ்சம் அதிகம்! மனைவி அங்கிருந்தே தங்கைக்குப் போன் போட்டாள். "ஆமாடி, உங்க வீட்டுக்காரருக்கு வந்ததைவிட அதிகம்தான். இல்ல, இல்ல, எனக்குத்தான் வருது. அவருக்கு ஒண்ணும் இல்ல."

நான் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டினேன். ஒரு காசு இல்லை. நான் சந்தேகப்பட்ட கிலோமீட்டர் மட்டும் பணமாகிவிட்டது. வெளியே வந்ததும் அவளைக் கேட்டேன்.

"அப்போ நீ உன் கணக்கைத் தனியா ஒரு நோட்டுல எழுதவே இல்லையா?"

"முதல் புதன் மட்டும் எழுதினேன். நீங்க சிவப்பு மைப் பேனா எடுத்ததைப் பார்த்தேன். நிறுத்திட்டேன்."

காரில் ஏறி, சீட்டை முன்னுக்கு இழுத்துக்கொண்டு சொன்னாள்:

"அடுத்த வருஷமும் இதே மாதிரி சந்தேகப்படுங்க. ஆனா கையெழுத்து மட்டும் இன்னும் கொஞ்சம் தெளிவா இருக்கட்டும்."