மூன்று கால் கேரட்

வளப்பூர் நாடு,
பிரமாதி வருடம், மார்கழி

சேந்தமங்கலத்தில் நெல் விளைவித்துப் பெரும் பெயர் எடுத்திருக்கும் தாய்மாமன் நாச்சிமுத்து அவர்களுக்கு, மருமகள் பொன்னாயி பணிவுடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, மாடு, கன்று எல்லோரும் சுகம். தாங்களும் அத்தையும் சுகமாயிருக்க அறப்பளீசுவரரை வேண்டுகிறேன். கேரட் மட்டும் சுகமில்லை.

இன்று காலை முதலில் என் கண்ணில் பட்டது, கொல்லையிலுள்ள துண்டு நிலத்தில் தாங்கள் நட்ட பாதியில் ஒரு கேரட்டின் தோள். மண்ணுக்கு மேலே எழும்பி, வெயில் பட்டுப் பச்சையாகியிருந்தது. மண் அணைக்கக் குனிந்தவள் சந்தேகப்பட்டுப் பிடுங்கிப் பார்த்தேன். மூன்று கால்கள். சாப்பிட்டு முடித்ததும் எங்கள் வீட்டில் கால்மேல் கால் போட்டு உட்காருவீர்களே, அதே தோரணை. உடம்பெல்லாம் ரோமம்.

மண்ணை மாவாக்க வேண்டும், மக்கிய எருதான் போட வேண்டும், முளைத்ததைப் பிடுங்கி நடக்கூடாது, பனி விழுந்த பிறகு தின்றால்தான் இனிக்கும் என்று ஏற்காட்டு பங்களாத் தோட்டக்காரர் சொன்னதாக, விதை கொண்டுவந்த அன்று தாங்களேதான் சொன்னீர்கள். சொல்லிவிட்டு, மாடு அப்போதுதான் போட்ட சாணியைக் கூடை கூடையாகக் கொட்டினீர்கள். முளைத்ததும் மறுபடி மலையேறி வந்து, நெல் நாற்றுப்போல் பிடுங்கிக் கட்டுக் கட்டி, வேரை மடக்கி நட்டு, வாய்க்கால் தண்ணீரையும் திருப்பிவிட்டீர்கள்.

"புடுங்கி நடக்கூடாதுன்னு அவரு சொன்னாருன்னியே அண்ணா?" என்று அம்மா கேட்டாள்.

"அவன் வெள்ளக்காரனுக்குப் பூச்செடி வெக்கறவன். ஒரு வயலாச்சும் நட்டிருக்கானா? நீங்க சொல்லுங்க மாப்ள, புடுங்கி நடாத பயிரு உருப்படுமா?"

அப்பா வழக்கம்போல் வானத்தைப் பார்த்தார். நான் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாலிருந்து "வேண்டாங்க மாமா" என்றேன். மாட்டுக்குக் கேட்டது.

"மூணாங்கிளாசோட நின்ன புள்ளைக்கு என்ன தெரியும்? போயி மோர் கொண்டா சாமி" என்றீர்கள். கொண்டுவந்தேன். இரண்டு முறை வாங்கிக் குடித்தீர்கள்.

மீதிப் பாதி தப்பியது, தங்கள் இடுப்புப் பிடித்துக்கொண்டதால்தான். அங்கே ஓடை மணல் கலந்து, நெருக்கமாக முளைத்தவற்றைக் களைந்து, தோள் தெரிந்தவற்றுக்கு மண் அணைத்து வந்தேன். அவை விரல்போல் நேராக இருக்கின்றன. பொங்கலன்று அப்பா தின்றுபார்ப்பார். இனித்தால் அந்தத் துண்டு நிலம் என் பொறுப்பு; இல்லையென்றால் மரவள்ளி. என் சொல் செல்லும் இடம் இந்த வீட்டில் அது ஒன்றுதான். ஆகவே பொங்கலுக்குத் தாங்கள் வரவேண்டாம். வந்தாலும் கொல்லைப்பக்கம் வரவேண்டாம். தங்கள் கேரட்டை மாட்டுக்குப் போட்டுவிடுகிறேன், மாடு சம்மதித்தால்.

தங்கள் இடுப்பு வலி தீர்ந்து, ஆனால் குனிந்து நடமுடியாத அளவுக்கு மட்டும் தீர்ந்து, நெடுநாள் வாழவேண்டும் என்று கோரும்,
பொன்னாயி

பி.கு.: விடிந்து பார்த்தால், முள்ளம்பன்றி வந்து என் பாதியில் ஒன்று விடாமல் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. தங்கள் பாதியை மோந்துகூடப் பார்க்கவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். அப்பா தங்களுடைய மூன்று கால் கேரட்டுகளில் ஒன்றைப் பிடுங்கி, துண்டில் துடைத்துக் கடித்தார். கொஞ்ச நேரம் மென்றார்.

"இனிக்குதே கண்ணு! மரவள்ளிய மேக்காட்டுல வெச்சுக்கலாம். இந்த நெலம் உனக்குத்தான்" என்றார்.

அரிவாளை எடுத்துப்போய் முள் வெட்டி வந்து, தங்கள் பாதியைச் சுற்றி வேலி அடைத்தேன்.