பொட்டு வைத்த நாற்பது சைக்கிள்கள்

எந்தக் காரியத்தையும் அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது. கெடுப்பதாக இருந்தாலும் முழுசாகக் கெடுத்துவிட்டுத்தான் ஓய்வேன். இதற்கு நாற்பது சைக்கிள்கள் சாட்சி.

செஞ்சிக்கு வாடகைச் சைக்கிள் வந்த புதிது. (பெயர் எழுதி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் விடுவார்களே, அது இல்லை. கைப்பிடி நடுவில் ஒரு வெள்ளைச் சதுரம் இருக்கும், அதில் கறுப்புக் கட்டங்கள். செல்போனில் ஸ்கேன் செய்தால் பூட்டு திறக்கும். போகிற இடத்து ஸ்டாண்டில் விட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம்.) பஸ் ஸ்டாண்டில் இருபது, கோட்டை வாசலில் இருபது. இரண்டு இடத்துக்கும் மேற்பார்வையாளர் நான்தான். வேலை தற்காலிகம். ஊருக்குள் இன்னும் ஐந்து ஸ்டாண்டு போட அனுமதி கிடைத்தால் நிரந்தரமாக்குவார்கள். கிடைக்காவிட்டால் சைக்கிள்கள் லாரி ஏறிவிடும், நான் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

வீட்டிலோ எதிர்க்கட்சி. என் நைனா அதே பஸ் ஸ்டாண்டுக்கும் கோட்டைக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்.

"ஊர்ல எத்தினியோ வேலை இருக்குது. என் சவாரியப் புடுங்கற வேலைதான் கெடச்சுதா உனக்கு?" என்று தினமும் கேட்பார். கேட்டுக்கொண்டே என் டிபன் பாக்ஸில் இன்னொரு தோசையை வைப்பார்.

அனுமதி தரவேண்டிய அதிகாரி நேரில் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. ஆயுத பூஜை, விஜயதசமி லீவெல்லாம் முடிந்த மறுநாள். கூட வருவது சென்னை ஆபீஸ் ரேவதி மேடம். "வண்டிங்க எல்லாம் பளிச்னு இருக்கணும் பூங்கொடி" என்று போனில் சொன்னார். அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நானும்தான்.

ஆயுத பூஜையன்று சைக்கிள்கள் ஒரு நிமிஷம் நிற்கவில்லை, அவ்வளவு கூட்டம். ஊரில் ஓடுகிற லாரி, டிராக்டர், மாவு மெஷின் எல்லாம் பொட்டோடு இருக்க, என் நாற்பதும் மட்டும் மூளியாக நின்றன. எனக்கு மனசே ஆறவில்லை. பூஜை போடாத வண்டியில் அதிகாரியை ஏற்றுவதா? அவர் வருகிற அன்று விடிந்ததும் வாளியும் சந்தனக் கிண்ணமுமாகக் கிளம்பிவிட்டேன். கழுவினேன், துடைத்தேன், பூ வைத்தேன். பொட்டு எங்கே வைப்பது என்று யோசிக்கவே தேவையில்லை. கைப்பிடி நடுவில் வெள்ளையாக, சதுரமாக, நெற்றி மாதிரி ஒரு இடம் காத்திருந்தது. ஒவ்வொன்றிலும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தேன். நாற்பதில் ஒன்றைக்கூட விடவில்லை. அதிகாரி வரும்வரை யாருக்கும் சைக்கிள் கிடையாது என்றும் சொல்லிவிட்டேன்.

பத்து மணிக்கு வந்தார்கள். அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். "பரவாயில்லையே, கோயில் மாதிரி வெச்சிருக்கீங்க" என்று செல்போனை எடுத்தார். "எங்கம்மா ஸ்கேன் பண்ணணும்?"

"இங்க சார்" என்று விரலை நீட்டினேன். விரல் குங்குமத்தில் போய் நின்றது.

ரேவதி மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு, "வேற சைக்கிள் காட்டுங்க" என்றார்.

"எல்லாத்துக்கும் வெச்சிட்டேன் மேடம்."

"எல்லாத்துக்குமா?"

"கோட்டை வாசல்லயும்." (அந்த நேரத்திலும் என் குரலில் லேசாகப் பெருமை இருந்ததாக மேடம் பிற்பாடு சொன்னார்.)

துப்பட்டாவால் துடைத்தேன். சதுரம் முழுக்கச் சிவப்பானது. பூஜைத் தேங்காயின் நாரைப் பிய்த்துத் தேய்த்தேன். காகித ஸ்டிக்கர், ஈரச் சந்தனத்தில் ஊறியிருந்தது, நாரோடு வந்துவிட்டது. அடுத்த சைக்கிளும் அப்படியே. மேடம் சென்னைக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார்.

"கட்டத்துக்குக் கீழ ஒரு நம்பர் இருக்கும். அதப் படிங்க, இங்கிருந்தே தொறந்துவிடறேன்" என்றது ஒரு குரல்.

"இருந்துச்சு சார். இப்பதான் தேச்சுட்டேன்."

மேடம் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

இத்தனையையும் எதிர் வரிசையில் ஆட்டோவில் சாய்ந்தபடி நைனா பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்தார். "இன்னா சார், கோட்டைக்குத்தான? வாங்க, உடறேன். என் வண்டிக்கும் பொட்டு வெச்சிருக்குது. ஆனா ஓடும்."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. முன்னால் நைனா, பின்னால் அவர்கள் இருவருக்கும் நடுவில் நான், சிவந்த துப்பட்டாவோடு. என் வேலை போகிற ஊர்வலத்தை என் நைனாவே ஓட்டிக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன்.

பாதி வழியில் அதிகாரி கேட்டார்: "உங்க சவாரியெல்லாம் சைக்கிளுக்குப் போயிடுச்சா?"

"எங்க சார் போவும்? மலை ஏறி எறங்குனவனுக்குக் காலு ஓஞ்சிடும். அவன் எங்க மிதிப்பான்? என் வண்டியிலதான் வருவான். சைக்கிள் வேணுங்கறது அவனுக்கு இல்ல சார். திண்டிவனம் ரோடு முக்குல எறங்கி ஸ்கூலுக்கு நடக்குது பாருங்க டீச்சரம்மாங்க, அவங்களுக்கு வைங்க. நெல்லு மண்டிக்கு வெளிய வைங்க. ஆஸ்பத்திரிகிட்ட வைங்க. அந்தச் சந்துக்கெல்லாம் ஆட்டோவே போவாது."

பேச்சு சுவாரசியத்தில் இன்னும் இரண்டு சேர்த்து ஐந்து இடம் சொல்லிவிட்டார். அதிகாரி ஐந்தையும் குறித்துக்கொண்டார். ஆறு மாதம் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்ட எனக்கு அதில் ஒன்றுகூடத் தோன்றியிருக்கவில்லை. கோட்டை வாசலில் இறங்கி, பொட்டோடு நின்ற இருபதையும் பார்த்து இன்னொரு தடவை சிரித்துவிட்டு, "ஸ்டிக்கர மாத்துங்க. இவர் சொன்ன எடத்துல வைங்க, அனுமதி தரேன்" என்றார்.

வேலை நிரந்தரமானது. அந்த ஐந்து ஸ்டாண்டிலும் இன்றைக்குக் காலை எட்டு மணிக்குமேல் சைக்கிள் கிடைக்காது. "என் வாயாலயே என் சவாரியக் கெடுத்துக்கிட்டேன்" என்று நைனா புலம்புவார், ஊரெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டும் திரிவார்.

அதற்கப்புறம் எங்கள் கம்பெனி எந்த ஊருக்குச் சைக்கிள் அனுப்பினாலும் முன் மட்கார்டில் வெறுமையாக ஒரு சின்ன வட்டம் வரைந்து அனுப்புகிறது. அது எதற்கென்று கோயம்புத்தூரில் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. பொட்டு வைக்க.

வீட்டில்தான் எனக்கு விமோசனமே இல்லை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஆட்டோவுக்கு வைத்து முடித்துவிட்டு, நைனா குங்குமக் கிண்ணத்தோடு என் எதிரில் வந்து நிற்பார்.

"நெத்தியில வெக்கலாமாடி? அப்புறம் தொறக்காமப் போயிடப் போவுது."

நான் நெற்றியைக் காட்டுவேன்.